இரண்டு மிடில்பேர்க்குகள்

புங்குடுதீவுக்கு ஒரு காலத்தில் மிடில்பேர்க் என்று பெயர் இருந்தது என்று சொன்னால் எங்கள் ஊரவர்களே நம்பத் தயங்குவார்கள். 1658ஆம் ஆண்டு யாழ்ப்பாணத்தைப் போர்த்துக்கேயரிடமிருந்து பறித்துக்கொண்ட ஒல்லாந்தர், தீவகத்தின் ஒவ்வொரு தீவுக்கும் தங்கள் நாட்டு நகரொன்றின் பெயரைச் சூட்டினார்கள். காரைதீவு அம்ஸ்ரடாம் ஆயிற்று. அனலைதீவு றொட்டடாம். நயினாதீவு ஹார்லெம். வேலணை லைடன். நெடுந்தீவு டெல்ப்ட். எங்கள் புங்குடுதீவு மிடில்பேர்க். நெடுந்தீவுக்காரரைத் தவிர மற்றவர்கள் அந்தப் பெயர்களைக் கடலில் வீசிவிட்டார்கள். நெடுந்தீவு மட்டும் ஆங்கில வரைபடங்களில் இன்றும் டெல்ப்ட் என்றே கிடக்கிறது.

இந்தப் பழங்கதையை நான் இப்போது கிளறுவதற்குக் காரணம் என் பெறாமகள். தமையனாரின் கடைசிப் பெண். ஐரோப்பிய நகரொன்றின் பல்கலைக்கழகத்தில் வேலை பார்க்கிறாள். உயிரியல் படித்தவள், ஆனால் ஆய்வாளர் அல்லள். கணினி தெரிந்தவள்; ஆனால் மென்பொருள் நிறுவனத்தில் இல்லை. என்ன வேலை என்று உறவினர் கேட்டால், அவளுடைய தாயார் "படத்தோட ஏதோ வேலை" என்று சொல்லிக் கதையை மாற்றிவிடுவார். கடந்த கோடையில் என்னிடம் வந்து ஒரு மாதம் தங்கியிருந்தபோது நான் விடாமல் கேட்டேன். நாற்பது ஆண்டு பத்திரிகைத் தொழில் பார்த்தவனுக்குக் கேள்வி கேட்பதை விட்டால் வேறென்ன தெரியும்?

"நான் படம் எடுக்கிறேல்லை, சித்தப்பா. மற்றவை நுணுக்குக்காட்டியில எடுக்கிற படங்கள் துலைஞ்சு போகாமப் பார்க்கிறன். பத்து வருசம் கழிச்சும் அதைத் திறக்கலாம், திறந்தால் அது என்ன படம் எண்டு விளங்கும். அதுதான் வேலை."

நூலகர் வேலை என்றேன். சிரித்தாள். "அப்பிடியும் சொல்லலாம். நூலகத்தையும் நாங்களே கட்டோணும். ஆரும் இலவசமாப் பாவிக்கக்கூடியதாக் கட்டோணும்."

அந்தக் கதை நள்ளிரவு வரை நீண்டது. அதற்குப் பிறகு நானாகத் தேடிப் படித்தவற்றையும் சேர்த்து இங்கே எழுதுகிறேன்.

நுணுக்குக்காட்டியின் பிறப்பிடம் எது என்று பாடநூலைப் புரட்டினால் நெதர்லாந்தின் மிடில்பேர்க் நகர் என்று வரும். எங்கள் தீவுக்குப் பெயர் தந்த அதே நகர். அங்கே கண்ணாடி தேய்க்கும் தொழிலாளர்கள் பலர் இருந்தார்கள். அவர்களுள் ஒருவரான ஹான்ஸ் லிப்பர்ஷே, 1608 அக்டோபரில், தொலைவிலுள்ள பொருளை அருகிற் காட்டும் கருவி ஒன்றுக்குத் தனியுரிமை கேட்டு அந்நாட்டு ஆட்சிமன்றத்திடம் விண்ணப்பித்தார். சில வாரங்களிலேயே வேறு இருவர் அதே கருவி தமக்கும் தெரியும் என்று வந்து நின்றார்கள். ஆட்சிமன்றம் அவருக்குப் பணம் கொடுத்துக் கருவிகள் செய்வித்துக்கொண்டது. ஆனால் உரிமையை மறுத்துவிட்டது. குழாயின் இரு முனையிலும் இரண்டு வில்லைகள். இதை எப்படி மறைத்து வைப்பது? மறுஆண்டே இத்தாலியில் கலிலியோ தாமாகவே ஒன்றைச் செய்து வானத்தை நோக்கித் திருப்பிவிட்டார். உரிமை மறுக்கப்பட்டதில் லிப்பர்ஷேக்கு நட்டம்; உலகத்துக்கு இலாபம்.

அதே நகரத்து சக்கரியாஸ் யான்சன்தான் நுணுக்குக்காட்டியை முதலிற் கண்டவர் என்பது நீண்டகாலக் கதை. இந்தக் கதையைச் சொன்னவர் அவருடைய மகன். அதுவும் பல பத்தாண்டுகள் கழித்து. அவர் சொன்ன 1590ஆம் ஆண்டைக் கொண்டால் தகப்பனார் அப்போது சிறுபிள்ளையாக இருந்திருக்க வேண்டும். யான்சன் கள்ள நாணயம் அடித்துத் தண்டனை பெற்றவர் என்பதற்கு மட்டும் பதிவு உண்டு. சரி, உண்மையைத் தேடி மிடில்பேர்க் நகர ஆவணக் காப்பகத்துக்குப் போகலாமா என்றால் முடியாது. 1940 மே மாதம் ஜேர்மன் படையெடுப்பின்போது நகர் எரிந்தது. காப்பகத்தின் பெரும்பகுதி சாம்பலாயிற்று. யான்சனைப் பற்றி இன்று நமக்குத் தெரிந்தவற்றுள் பல, கொர்னேலிஸ் டி வார்ட் என்ற ஆய்வாளர் அதற்கு முப்பது நாற்பது ஆண்டுகளுக்கு முன் அந்த ஏடுகளைப் பார்த்துப் படியெடுத்து 1906இல் நூலாக அச்சிட்டதால் எஞ்சியவை.

இந்த இடத்தை வாசித்தபோது புத்தகத்தை மூடிவைத்துவிட்டுச் சிறிது நேரம் இருந்தேன். 1981 மே 31 இரவு தொடங்கிய வன்செயலில் யாழ்ப்பாணப் பொதுநூலகம் எரிந்தபோது ஏறத்தாழ 97,000 நூல்களும் ஏடுகளும் போயின. 1933இல் க.மு. செல்லப்பா என்பவர் தம் வீட்டில் வைத்துத் தொடங்கிய சிறு வாசிகசாலை வளர்ந்து அந்த நூலகமானது. நூல் எரிந்தால் இன்னொரு படி எங்காவது கிடைக்கலாம். ஒரே ஒரு படியாக இருந்த ஏடுகளை யார் படியெடுத்து வைத்திருந்தார்கள்? எங்களுக்கு ஒரு டி வார்ட் இருக்கவில்லை.

இனி டெல்ப்ட். நெடுந்தீவுக்குப் பெயர் தந்த அந்த நகரில் அன்ரனி வான் லீவன்ஹூக் என்ற துணி வியாபாரி வாழ்ந்தார். 1632இல் பிறந்து 1723இல் மறைந்தவர். அரைவிரல் நீளப் பித்தளைத் தகட்டில் அரிசியிலும் சிறிய ஒற்றை வில்லையைப் பதித்து, உலகம் அதுவரை காணாத உயிர்களைக் கண்டவர். 1673 முதல் இலண்டன் றோயல் சங்கத்துக்குக் கடிதம் கடிதமாக எழுதினார். 1676ஆம் ஆண்டுக் கடிதம் எங்களுக்கு நெருக்கமானது. மிளகு ஏன் உறைக்கிறது என்று அறிய அவர் மிளகை நீரில் ஊறவைத்தார். உறைப்புக்குக் காரணம் கிடைக்கவில்லை. அந்த நீரில் பற்றீரியாக்கள் நெளிந்தன. கீழைக் கடலில் ஒல்லாந்தக் கப்பல்கள் அள்ளிச் சென்ற மிளகு, மனிதகுலத்துக்கு அந்தக் காட்சியைக் காட்டியது.

லீவன்ஹூக்கிடம் ஒரு குறை. தம் மிகச் சிறந்த வில்லைகளை எப்படிச் செய்தார் என்பதை எவருக்கும் சொல்லவில்லை. பார்க்க வந்தவர்களுக்குச் சாதாரணக் கருவிகளைக் காட்டி அனுப்பினார். ஐந்நூறுக்கு மேற்பட்ட வில்லைகள் செய்தவர். இன்று மிஞ்சியிருக்கும் கருவிகள் பத்துச் சொச்சம். றோயல் சங்கத்துக்கு அவர் விட்டுச்சென்ற இருபத்தாறு வெள்ளிக் கருவிகளும் பின்னர் காணாமற் போயின. ஏறத்தாழ முந்நூறு ஆண்டு அறிஞர்கள் மண்டையை உடைத்துக்கொண்டார்கள். 2021இல் நெதர்லாந்து ஆய்வாளர்கள் நியூத்திரன் கதிரைப் பாய்ச்சி, கருவியைப் பிரிக்காமலே உள்ளிருந்த வில்லையைப் பார்த்தார்கள். கண்ணாடி இழையை நெருப்பில் உருக்கித் திரட்டிய சிறு குண்டு அது. அந்த முறையை இங்கிலாந்தின் றொபேட் ஹூக் 1665இலேயே தம் நூலின் முன்னுரையில் யாரும் செய்துபார்க்கும்படி எழுதி வைத்திருந்தார்! ஊரறிந்த சமையற் குறிப்பை ஒருவர் சாகும்வரை இரகசியமாக வைத்திருந்ததாகவே தோன்றுகிறது.

(இந்த ஹூக்தான், கண்டி இராச்சியத்தில் ஏறத்தாழ இருபது ஆண்டுகள் சிறையிருந்து தப்பிய றொபேட் நொக்ஸ் இலங்கையைப் பற்றி எழுதிய நூலுக்கு 1681இல் முன்னுரை எழுதியவர். எழுதி வைப்பதில் நம்பிக்கை கொண்ட மனிதர்.)

ஆக, நுணுக்குக்காட்டியின் பிறப்பிலேயே இரண்டு வழிகள் பிரிந்துவிட்டன. ஒன்று எழுதிவைத்து எல்லோருக்கும் விடுவது. மற்றது பெட்டியில் வைத்துப் பூட்டுவது. பெறாமகளின் தொழில் இந்த இரண்டுக்கும் இடையில் நடக்கும் இழுபறியின் இன்றைய அத்தியாயம்.

இன்றைய நுணுக்குக்காட்டி கண்ணால் பார்க்கும் கருவி அன்று. கணினியோடு பூட்டிய படக்கருவி. ஒரு பரிசோதனையில் ஆயிரக்கணக்கான படங்கள் குவியும். இவற்றை ஒவ்வொரு உற்பத்தி நிறுவனமும் தனக்கே உரிய கோப்பு வடிவில் எழுதும். அந்த நிறுவனத்தின் மென்பொருள் இருந்தாற்றான் திறக்கும். நிறுவனம் மூடுண்டால், அல்லது பதிப்பை மாற்றினால், படம் உள்ளே கிடந்து சாகும்.

இதைச் சொன்னபோது அவள் எனக்கு விளங்காது என்று எண்ணியிருக்க வேண்டும். எனக்கு விளங்கிற்று, ஈழத்தமிழ் எழுத்தாளன் எவனுக்கும் விளங்கும். தொண்ணூறுகளின் நடுவிலிருந்து ஏழெட்டு ஆண்டுகள் நான் எழுதியவை யாவும் பாமினி எழுத்துருவில் தட்டச்சிட்டவை. அந்த நெகிழ்தட்டுகளை ஒருநாள் வேறொரு கணினியிற் போட்டபோது ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியும் கலந்த குப்பை வந்தது. என் எழுத்தை என்னாலேயே வாசிக்க முடியவில்லை. தமிழ் 1991இலேயே ஒருங்குறியின் முதற் பதிப்பில் இடம்பெற்றிருந்தும், நாங்கள் ஆளுக்கொரு எழுத்துருவோடு பத்துப் பதினைந்து ஆண்டுகள் திண்டாடினோம். பிறகு யாரோ சில இளைஞர்கள், ஒரு சதமும் வாங்காமல், எழுத்துரு மாற்றிகளை எழுதி இணையத்தில் விட்டார்கள். என் கட்டுரைகள் மீண்டன. அந்த இளைஞர்களின் பெயர்கூட எனக்குத் தெரியாது.

உயிரியலில் அந்த வேலையைச் செய்தவர்களின் பெயர் தெரிகிறது. அமெரிக்காவின் தேசிய சுகாதார நிறுவனத்தில் பணியாற்றிய வெயின் ராஸ்பாண்ட், 1987இல் மக்கின்ரொஷ் கணினிக்கு ஒரு படப் பகுப்பாய்வு மென்பொருளை எழுதினார். 1997இல் அதை யாவா மொழியில் புதிதாக, எந்தக் கணினியிலும் ஓடும்படி, இமேஜ்-ஜே என்ற பெயரில் ஆக்கினார். அமெரிக்க அரச ஊழியர் கடமையில் ஆக்குவதற்கு அந்நாட்டில் பதிப்புரிமை கிடையாது. ஆகவே அது பொதுச் சொத்து. மூல நிரலும் திறந்தே கிடந்தது. பயன்படுத்துபவர்கள் தங்கள் தேவைக்கு ஏற்பச் சிறு செருகல்களை எழுதிச் சேர்த்தார்கள். 2010இல் ஓய்வுபெற்ற பின்னரும் ராஸ்பாண்ட் அதைப் பேணிவந்தார். ஜேர்மனியின் ட்றெஸ்டன் நகர ஆய்வாளர்கள் அதன்மேல் பிஜி என்ற தொகுப்பைக் கட்டி 2012இல் அதைப் பற்றி எழுதினார்கள். யாழ்ப்பாணத்து மருத்துவ மாணவன் ஒருவனும் ஹார்வார்ட் பேராசிரியர் ஒருவரும் உயிர்க்கலங்களை எண்ணுவதற்கு இன்று ஒரே மென்பொருளைக் காசின்றி இறக்கிக்கொள்ளலாம்.

கோப்பு வடிவச் சிக்கலை எடுத்துக்கொண்டது வேறொரு குழு. ஸ்கொட்லாந்தின் டண்டி பல்கலைக்கழகத்து ஜேசன் சுவெட்லோவும் அவருடைய கூட்டாளிகளும் 2000ஆம் ஆண்டளவில் திறந்த நுணுக்குக்காட்டிச் சூழல் என்ற முயற்சியைத் தொடங்கினார்கள். நிறுவனங்களின் பூட்டிய கோப்புகளை ஒவ்வொன்றாக ஆராய்ந்து, நூற்றைம்பதுக்கு மேற்பட்ட வடிவங்களைத் திறக்கும் மொழிபெயர்ப்பு மென்பொருளை அமெரிக்க விஸ்கொன்சின் குழுவினரோடு சேர்ந்து உருவாக்கினார்கள். எழுத்துரு மாற்றியின் பெரியண்ணன் என்று வைத்துக்கொள்ளுங்கள். படங்களைச் சேமித்துவைக்கும் ஓமெரோ என்ற திறந்த மென்பொருளும் அவர்களுடையதே. 2019இல் ஐரோப்பிய உயிர்த்தகவலியல் நிறுவனம், வெளியான ஆய்வுகளின் மூலப் படங்களை எவரும் எடுத்துப் பார்க்கக்கூடிய காப்பகம் ஒன்றைத் திறந்தது.

கோப்பைத் திறந்துவிட்டால் மட்டும் போதாது என்பதுதான் அவளுடைய அன்றாடப் போராட்டம். படத்தோடு அதன் குறிப்பும் இருக்க வேண்டும். எந்த வில்லை, எந்த நிற ஒளி, எந்த நாள், படத்தின் ஒரு புள்ளி எத்தனை மைக்குறோமீற்றர்? இவை இல்லையென்றால் படத்திலுள்ள பொட்டு கலமா, தூசியா என்று கூடச் சொல்ல இயலாது. "ஆய்வாளர் படத்தைத் தந்திட்டு, 'கடைசிப்படம்_புதிது_2' எண்டு பேர் வைச்சிருப்பினம், சித்தப்பா. அவையளே மூண்டு மாதத்தில மறந்திடுவினம்."

நான் வேலை பார்த்த ஒரு பத்திரிகை அலுவலகத்தில் படங்கள் இருந்த அறை நினைவுக்கு வந்தது. மரப்பெட்டிகளில் ஆயிரக்கணக்கான புகைப்படங்கள். பின்புறத்தைத் திருப்பினால் பாதிக்கு மேல் வெறுமை. ஒரு முறை, மறைந்த ஒருவருடைய படம் என்று வேறொருவருடைய படத்தை அச்சிட்டுவிட்டு, மறுநாள் உயிரோடு வந்து நின்ற அந்த மனிதரிடம் மன்னிப்புக் கேட்டவன் நான்.

அறிவியலில் விளைவு அதனிலும் பெரிது. எலிசபெத் பிக் என்ற நுண்ணுயிரியலாளரும் இரு கூட்டாளிகளும், 1995 முதல் 2014 வரை வெளியான 20,621 ஆய்வுக் கட்டுரைகளின் படங்களைக் கண்ணாற் பார்த்துச் சோதித்தார்கள். 2016இல் வந்த முடிவு: 3.8 சதவீதக் கட்டுரைகளில் ஒரே படம் வெவ்வேறு இடங்களில் வந்திருந்தது. அவற்றுட் பாதியேனும் வேண்டுமென்றே செய்தவை போலத் தோன்றின. நூற்றுக்கு நாலு என்பது சிறிது போலத் தெரியும். அந்த நாலை நம்பி மருந்து தேடப் போன மற்றவர்களை எண்ணினால் சிறிதன்று. மூலப் படம் குறிப்போடு பொதுவிடத்தில் கிடந்தால் பொய்யருக்கு வேலை கடினம், நேர்மையானவருக்குச் சாட்சி.

தமிழ்நாட்டுச் செய்தி ஒன்றையும் சொல்ல வேண்டும். சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தில் 2022இல் தொடங்கிய சுதா கோபாலகிருஷ்ணன் மூளை மையம், 2024 டிசம்பரில் தரணி என்ற பெயரில் கருவிலிருக்கும் குழந்தையின் மூளைக்கு ஒரு முப்பரிமாணப் படத்தொகுப்பை வெளியிட்டது. மெல்லிய சீவல்களாக வெட்டி, கல அளவிற் படமெடுத்த 5,132 மூளைத் துண்டங்கள். உலகில் எவரும் இணையத்தில் இலவசமாகப் பார்க்கலாம். சென்னையில் எடுத்த படத்தைப் பொசுற்றனில் ஒருவர் விரித்துப் பார்ப்பதற்கு அனுமதி கேட்கத் தேவையில்லை.

இப்படிப்பட்ட வேலைகளின் பின்னால் இருப்பவர்களைப் பற்றி எனக்கு ஒரு மனக்குறை உண்டு. கண்டுபிடித்தவருக்குப் பரிசு, கட்டுரை எழுதியவருக்குப் பதவி. அந்தக் கட்டுரையின் படங்களைக் காத்தவருக்கு, மென்பொருளின் ஓட்டையை இரவோடிரவாக அடைத்தவருக்கு, மூன்றாண்டு ஒப்பந்தம். முடிந்ததும் அடுத்த நிதி வருமா என்ற ஏக்கம். 2019இல் சான் சக்கர்பேர்க் அறநிலையம் அறிவியலுக்கு இன்றியமையாத திறந்த மென்பொருள்களைப் பேணுவதற்கென்றே நிதி வழங்கத் தொடங்கியது. ஆறுதல்தான். ஆனால், பாலம் கட்டுவதற்குப் பணம் தருபவர்கள் பலர். பராமரிக்கத் தருபவர் சிலர். வேலணைக்கும் புங்குடுதீவுக்கும் இடையே வாணர் பாலத்தில் பயணம் செய்தவர்களுக்கு நான் இதை விளக்க வேண்டியதில்லை.

எங்கள் மண்ணிலும் அத்தகையவர்கள் தோன்றினார்கள். 2005இல் இலங்கையின் இளைஞர் சிலர் நூலகம் என்ற மின்னூலகத் திட்டத்தைத் தொடங்கினார்கள். விக்கிப்பீடியா ஓடும் அதே திறந்த மென்பொருளை எடுத்து, ஈழத்து நூல்களையும் இதழ்களையும் பத்திரிகைகளையும் வருடி ஏற்றினார்கள். போர் உச்சத்துக்குப் போன ஆண்டுகளிலும் அது நிற்கவில்லை. எங்கள் ஊர் மு. தளையசிங்கத்தின் எழுத்தைத் தேடுபவர் இன்று அங்கேதான் போகிறார். 1935இல் பிறந்து 1973இல் முப்பத்தெட்டு வயதுக்குள் மறைந்த அந்த ஆசிரியர், ஊர்க் கோயிற் கிணற்றில் எல்லாச் சாதியாரும் நீர் அள்ள வேண்டும் என்று நின்று பொலிசாரிடம் அடிபட்டவர். நன்னீர் அரிதான தீவில் கிணறு யாருக்குத் திறக்கும், யாருக்குப் பூட்டும் என்பது தத்துவக் கேள்வி அன்று. திறமூலம் என்ற சொல்லை முதன்முறை வாசித்தபோது எனக்கு வந்தது அந்தக் கிணற்றின் நினைவே.

1991இல் தீவகம் படையினர் வசமாவதற்கு முன்பின்னாக எங்கள் சனம் ஊரைவிட்டு வெளியேறியது. வீட்டிலிருந்து நான் எடுத்துவர முடிந்தது ஒரு பிஸ்கற் தகரப் பெட்டி. உள்ளே நூற்றுப்பத்துப் புகைப்படங்கள். இத்தனை ஆண்டும் அதை அலுமாரியின் மேல் வைத்திருந்தேன். பெறாமகள் அதைக் கண்டுவிட்டாள். மறுநாளே வருடியைக் கொண்டுவந்து பூட்டினாள். படத்தை வருடுவது அரை நிமிடம். பிறகு என்னை இருத்தி வைத்துக் கேள்விகள். எந்த இடம்? எந்த ஆண்டு? இடமிருந்து வலமாக யார் யார்?

ஒரு படத்தில் கிணற்றடியில் ஐந்து பெண்கள். மூவரைச் சொன்னேன். நாலாமவர் சின்னம்மாவாகத்தான் இருக்கும் என்றேன்.

"இருக்கும் எண்டால்? தெரியுமோ, தெரியாதோ?"

"கிட்டத்தட்டத் தெரியும், பிள்ளை."

"தெரியாட்டித் தெரியாது எண்டு எழுதுவம், சித்தப்பா. ஊகிச்சு எழுதினால் பிறகு அதுதான் உண்மையாப் போயிடும்."

கனடாவிலிருக்கும் என் தமக்கையாருக்குத் தொலைபேசி எடுத்து, படத்தையும் அனுப்பினோம். அவருக்கு எண்பத்து மூன்று வயது. நெடுநேரம் பேச்சில்லை. பிறகு, நாலாமவர் சின்னம்மா அல்ல, குறிகட்டுவானிலிருந்து தையல் பழக வந்துபோன பிள்ளை என்றார். பெயரையும் சொன்னார். ஐந்தாமவர் கையிற் செம்போடு முகத்தைத் திருப்பிக்கொண்டு நிற்கிறார். அக்காவுக்கும் தெரியவில்லை.

அந்த இடத்தை வெறுமையாக விட்டு, மற்றவற்றை எழுதிச் சேமித்தாள். இன்னும் அறுபத்தாறு படங்கள் இருக்கின்றன. இலண்டனில் எங்கள் ஒழுங்கையைச் சேர்ந்த மூதாட்டி ஒருவர் உண்டு. வருகிற ஞாயிற்றுக்கிழமை அவருக்கு எடுத்துக் கேட்கவேண்டும்.